லெட்டர்ஹெட் இல்லாத எட்டு வருடம்

எட்டு வருடம் ஏழு மாதம் நான் வீட்டில் சும்மா இருந்தேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். முத்திரைத்தாளில் அச்சடித்து, கையெழுத்து எங்கே என்று பென்சிலால் புள்ளியும் வைத்து, ஷோபா அதை என் முன்னால் தள்ளினாள்.

ஷோபா, வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் தயார் செய்துகொடுக்கும் ஏஜென்சியில் கவுன்சிலர். லோத்குண்டாவில் வீடு, வயது முப்பதை ஒட்டி இருக்கும், நல்ல பெண்தான். செகந்திராபாத்தில் மூன்றாம் மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்கப் போட்டோக்களில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் என் தம்பி ஜாய்சனும் சிரிக்கிறான்.

“ஃபார்மாலிட்டிதான்கா. கேப் அஃபிடவிட். நடுவுல இத்தன வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. ஒண்ணும் பண்ணல, வீட்ல இருந்தேன்னு சைன் போட்டுட்டா முடிஞ்சிரும்.”

“ஒண்ணும் பண்ணலையா?”

“ஜாப் எதுவும் இல்லல்லக்கா?”

ஜாப் இல்லைதான். 2016 மார்ச்சில் எங்கள் அப்பா ஐசக், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்றவர், நின்றபடியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுசும் போயிற்று. பேச்சும் போய், வாயில் மிஞ்சியது ‘சரி’ என்ற ஒரே சொல். பசித்தால் “சரி” என்பார். வலித்தால் “சரி, சரி” என்று கத்துவார். அம்மா அதற்கு முன்பே தவறியிருந்தாள். ஜாய்சன் வாரங்கலில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். நான் நியூட்ரிஷன் முடித்து ஓர் ஆஸ்பத்திரியில் டயட் செக்‌ஷனில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யார் வீட்டோடு நின்றது என்று சொல்லவும் வேண்டுமா?

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருமுல்கேரியில் இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து 2024 அக்டோபரில் அவர் கண்மூடும் வரைக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தேன். முதலில் மூக்குக் குழாயில், பிறகு ஸ்பூனில் கஞ்சி கொடுத்தேன். மலம் அள்ளினேன், இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எட்டு வருடம் ஏழு மாதத்தில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த நர்ஸை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்குத்தான் இந்தப் பத்திரத்தில் ‘சும்மா’ என்று பெயர்.

நான் கேட்டிருந்த படிப்பைச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியும். முதியோர் பராமரிப்பில் மேற்படிப்பு. கனடாவில் ஜாய்சன் படித்த அதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன். முப்பத்திரண்டு வயதில் எனக்கு வேறெதிலும் ஆசையில்லை; தட்டுத்தடுமாறிக் கற்ற ஒன்றை ஒழுங்காகக் கற்க வேண்டும், அவ்வளவுதான். தகுதிகளில் ஒரு வரி: முதியோரை நேரடியாகப் பராமரித்த அனுபவம் குறைந்தது இரண்டு வருடம். படித்ததும் சிரித்துவிட்டேன். நாலு பேருக்குப் பங்கு போடலாம், அவ்வளவு அனுபவம் என்னிடம் இருந்ததே.

“எக்ஸ்பீரியன்ஸ்ல ஜீரோ போட்டிருக்கேன்கா,” என்றாள் ஷோபா.

அதற்காகவே தூக்கிக்கொண்டு வந்திருந்த பையைத் திறந்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டுகள், பதினேழு. புரட்டிய நேரம், பிரஷர், சுகர், எத்தனை ஸ்பூன் உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது, எல்லாம் நாள் தவறாமல் என் கையெழுத்தில். ஷோபா ஒரு நோட்டை எடுத்து மரியாதையாகப் புரட்டினாள். முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூடத் தெரிந்தது.

“லெட்டர்ஹெட் இல்லையேக்கா,” என்றாள்.

நான் நோட்டை வாங்கிப் பையில் வைத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

“டென்ஷன் ஆவாதீங்க. எங்க ஏரியால ஒரு ஓல்டேஜ் ஹோம் இருக்கு. ஆபீஸ்க்கு வேண்டப்பட்டவங்க. மூணு வருஷத்துக்கு லெட்டர் குடுப்பாங்க, ஸீலோட. அப்ப அஃபிடவிட்டும் சின்னதாயிரும்.”

“நான் அங்க போனதே கிடையாதே ஷோபா.”

“போகவே வேணாம்கா.”

வாசல்படி மிதிக்காத இடத்தில் நான் மூன்று வருடம் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் உண்டு. எட்டு வருடம் படியிறங்காமல் கிடந்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எவன் கண்டுபிடித்த நியாயம் இது? என் குரல் பக்கத்து மேஜைப் பையன்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டது.

“பொய் லெட்டர் எனக்கு வேண்டாம். என் கட்டுரையில நடந்தத எழுதுறேன். எங்கப்பாவப் பத்தி எழுதுறேன். படிச்சுட்டு அவங்க முடிவு பண்ணட்டும்.”

ஏன் இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும், அதைத்தான் சொன்னேன். ஷோபா நாற்காலியில் நெளிந்தாள்.

“நக்கோக்கா. அத மட்டும் எழுத வேணாம்.”

“ஏன்?”

“அத… ஜாய்சன் எழுதிட்டாருக்கா.”

எனக்குப் புரியவில்லை. அவள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். 2019-இல் ஜாய்சன் அனுப்பிய கட்டுரை. இந்த ஆபீஸின் மிகச் சிறந்த மாதிரியாம். பெயரை மட்டும் எடுத்துவிட்டு, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் படிக்கக் கொடுப்பார்களாம்.

‘தினமும் காலை ஐந்து மணிக்கு என் தந்தையைக் குளிப்பாட்டி, துவைத்த சட்டை போட்டுவிட்ட பிறகே என் பாடப்புத்தகத்தைத் திறப்பேன்’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டுவது இருந்தது. கஞ்சி இருந்தது. படுக்கைப்புண் வராதது இருந்தது. அப்பாவின் ‘சரி’யைக்கூட விட்டுவைக்கவில்லை, அந்த ஒரு சொல்தான் அவனுக்குப் பொறுமையைக் கற்றுத்தந்ததாம். இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை தேடினேன். அதில் அக்கா என்று ஒருத்தி இல்லை. அந்த வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள்.

“இதுக்குத்தான் ஸ்காலர்ஷிப் கிடைச்சிச்சு,” என்றாள் ஷோபா, மெதுவாக. “அதே யுனிவர்சிட்டி, அதே அப்பா, அதே ‘சரி’. சாஃப்ட்வேர் பிடிச்சிரும்கா. காப்பின்னு ரிஜெக்ட் பண்ணிருவாங்க.”

“யாரோட காப்பி?”

“அவர்தானே ஃபர்ஸ்ட் எழுதினாரு.”

பத்திரத்தை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தேன். பதினேழு நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருமுல்கேரி வரைக்கும் அழுதேன். அழுதது துக்கத்தில் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஆத்திரத்தில்.

சாயங்காலம், அவனுக்கு விடிந்திருக்கும் நேரம் பார்த்து, வீடியோ காலில் கூப்பிட்டேன். கையில் காபிக் கோப்பையோடு வந்தான்.

“ஏலே ஜாய்சன், அப்பாவ நீயா குளிப்பாட்டுன?”

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. காபியைக் கீழே வைத்தான்.

“ஹவ் அக்கா, ஆமா, எழுதுனேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு ஸ்டோரி வேணும்னாங்க. எங்கிட்ட என்ன ஸ்டோரி இருந்துச்சு? வேற யாரு கதையும் இல்லியே, நம்ம வீட்டுக் கதைதான?”

“நம்ம வீட்டுல நான் எங்கல இருந்தேன்?”

“வீக்கெண்ட்ல நானும் வருவேன்ல. நானும் பாத்துக்கிட்டேன்ல.”

வருவான். வாஸ்தவம். சனிக்கிழமை மத்தியானம் வந்து பிரியாணி வாங்கித்தரச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர் மாதிரி நான் அப்பாவுக்கு வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, தலைசீவி, பவுடர் அடித்துச் சாய்த்து உட்கார வைத்ததும், பக்கத்தில் வந்து போட்டோ எடுத்துக்கொள்வான். இப்போதுதான் தெரிகிறது, அவன் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இருந்தும் அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடப்பிறந்தவன். நான் தூக்கி வளர்த்தவன். அதனால் ஒன்று கேட்டேன்.

“நீ ஒரு கடுதாசி எழுது. அப்பாவப் பாத்துக்கிட்டது எங்கக்கா ஜூடித்துன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஒன் கட்டுரையப் பத்தி நான் மூச்சு விடல. திங்கக்கிழம கடைசி நாள்.”

“சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கேன்கா. இந்த நேரத்துல…”

“எழுதுவியா, மாட்டியா?”

“எழுதுறேன்,” என்றான்.

சனிக்கிழமை மெயிலில் வந்தது கடிதம். அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் லெட்டர்ஹெட்டிலேயே அடித்திருந்தான். ஷோபா பார்த்தால் பூரித்துப் போவாள். நான்கு வரி. முதல் வரி என் பெயர், வயது. இரண்டாவது வரி இப்படி இருந்தது: ‘எங்கள் தந்தையை நான் பராமரித்துவந்த காலத்தில், என் சகோதரி எனக்கு உதவியாக இருந்தார்.’

அதை மூன்று தரம் படித்தேன். ஏஜென்சிக்காரி என்னைச் சும்மா இருந்தவள் என்றாள். அவளுக்கு என்னைத் தெரியாது. இவன் என்னை உதவியாள் ஆக்கிவிட்டான். அதுவும் பெரிய மனது பண்ணி!

மறுபடியும் கூப்பிட்டேன். புது நீலச் சட்டையில் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தான்.

“கிடைச்சிச்சாக்கா? ஓகேதானே? ரெண்டு பேருக்கும் டேமேஜ் இல்லாம எழுதிருக்கேன்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. காலையில குளிப்பாட்டி, துவைச்ச சட்டை போட்டுவிடுவேன்னு எழுதுனியே. அப்பாக்குச் சட்டை போடும்போது எந்தக் கைய முதல்ல விடணும்?”

சிரித்தான். “இது என்ன கேள்வி?”

“பதில் சொல்லு.”

திரையில் அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். வலது கையைக் கொஞ்சம் தூக்கினான். பிறகு இடது கையை. பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல விழித்தான்.

“நல்ல கைதான் முதல்ல. அத அவரே நீட்டுவாருல்ல. அப்புறம் இன்னொரு கைய மெல்ல உள்ள…”

நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். நல்ல கையை முதலில் நுழைத்தேன். மிச்சத் துணி இறுகிக்கொண்டது. விளங்காத வலது கையை அதற்குள் வளைத்து இழுத்தேன். தோள் பிசகி, அப்பா “சரி, சரி, சரி” என்று அலறியது முன்வீடு வரைக்கும் கேட்டது. மறுநாள் ரயில்வே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார்: விளங்காத கைதான் முதலில். அதற்குப் பிறகு மூவாயிரம் சட்டைக்கு மேல் போட்டுவிட்டிருப்பேன். ஒருநாளும் அவர் அலறவில்லை.

“விளங்காத கைதாம்லே முதல்ல,” என்றேன். “ஒரு நாள், ஒரே ஒரு நாள் போட்டிருந்தாலும் ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவன் தூக்கிய கையைக் கீழே போட்டான். பிறகு குரல் உடைந்து, “அக்கா, எம் பேர எழுதிராதக்கா,” என்றான்.

“ஒன் பேர எழுதாம எங்கதைய எழுத நீ எங்கல வழி விட்ட?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

முத்திரைத்தாளை எடுத்தேன். ‘வீட்டில் சும்மா இருந்தேன்’ என்ற வரியை அடித்து, மேலே ‘வீட்டில் வேலை செய்தேன்’ என்று எழுதினேன். திங்கட்கிழமை காலை நோட்டரியிடம் அதிலேயே முத்திரை வாங்கினேன். ஷோபா போனில் கெஞ்சினாள்: “உங்க சீட்டும் போயிரும்கா, அவர் லைஃபும் போயிரும்.” போகலாம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.

நான் எழுதிய கட்டுரையில் முதல் வரி, 2019-இல் இதே பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜாய்சன் ஐசக்கின் கட்டுரையில் உள்ள வேலைகளைச் செய்தவள் நான் என்பது. பதினேழு நோட்டுகளிலிருந்து பதினேழு பக்கங்களை ஸ்கேன் செய்து சேர்த்தேன். கடைசி வரி இது: ‘எது அசல், எது நகல் என்று சந்தேகம் வந்தால், உங்கள் சாஃப்ட்வேரைக் கேட்க வேண்டாம். எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, வலது பக்கம் விழுந்துபோன ஒருவருக்குச் சட்டை போடும்போது எந்தக் கை முதலில் என்று கேளுங்கள்.’

அனுப்பிவிட்டேன்.