கரைப்பான் மட்டும்

சின்னவளுக்கு ஓட்டை வாய் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் போன மாதம் அவள் அவசரப்பட்டதைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? அக்கா மகனுக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டே போகிறது. செல்லின் சவ்வில் உப்பை வெளியே விடும் புரதம் அவனுக்குப் போதவில்லை. அதை உண்டாக்கும் மரபணு சோம்பிக் கிடக்கிறது. மாற்று நுரையீரலுக்குப் பதிந்துவிட்டு அக்கா காத்திருக்கிறாள். சின்னவளோ ஆய்வகத்தில் அதே மரபணுவைத் தட்டி எழுப்பும் வேதிப்பொருளைத் தேடுகிறவள். செல்களை வளர்க்கும் தட்டில், ஒரு மருந்து விட்ட குழிகளில் செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. புரதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"கெடச்சிடுச்சுக்கா. நம்ம வாலுப் பையனுக்கு ஆபரேஷனே வேண்டியிருக்காது."

எந்த மருந்தையும் ஒரு கரைப்பானில் கரைத்துத்தான் செல்லுக்கு விடுவார்கள். அதனால் கரைப்பானை மட்டும் விட்ட செல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித் தருவது இது. அவள் ஒப்பிட்டதோ ஒன்றுமே விடாத செல்களோடு. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

தப்பு உறைத்ததும் புதுத் தட்டு தயார் செய்தாள். நேற்றுக் காலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், கரைப்பான் மட்டும் விட்ட குழிகளிலும் அதே பச்சை. மருந்து ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் கரைப்பானின் வேலை. அதையே கொடுக்கலாமே என்றால், அந்த அளவைக் குழந்தை உடம்பு தாங்காது.

அக்காவிடம் சொல்லப் போனை எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டாள். இன்னொரு தரம் செய்து பார்த்து, உறுதியானதும் சொல்வோம். நல்ல சேதிக்கு இல்லாத பொறுமை கெட்ட சேதிக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

இன்றைக்கும் அதே பச்சை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் அக்காவிடம் போனில் சொல்லி அழுதாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அக்கா திட்டவில்லை. இது எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டாள்.

"நேத்து காலையிலக்கா. இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லலாம்னு..."

அந்தப் பக்கம் பையன் இருமுவது கேட்டது. அவன் இருமி முடித்ததும் அக்கா சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்கடி. நுரையீரல் கெடச்சிருக்கு, உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. என் தங்கச்சி மருந்து கண்டுபிடிச்சிட்டா, வேற புள்ளைக்குக் குடுங்கன்னு சொல்லிட்டேன்."