பொறியாளர் வீட்டுப் பாலம்

எங்கள் ஒன்றியத்தில் அதிகாரி ஒருவர் பொதுக் காரியம் எதையேனும் தம் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதினால், அந்தக் காரியம் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி அவர் வீட்டுக்குப் போய்விடும். நூலகத்தின் கிழக்குச் சன்னல்கள் மூன்றும் வேளாண் அலுவலர் வீட்டில் காற்று வாங்குகின்றன. பள்ளிச் சுற்றுச்சுவர் ஒருவர் மொட்டை மாடியில் இருக்கிறது.

நான் அங்கே பொதுத் தகவல் அலுவலர். மக்கள் கேட்பதற்கு முப்பது நாளுக்குள் விடை தருவது என் வேலை. ஐப்பசி மாதம் செம்பட்டிவிளையிலிருந்து சந்தனமாரி என்னும் அம்மாள் ஒரு மனு அனுப்பினார். ஊருக்கும் சாலைக்கும் நடுவே இருந்த ஓடைப் பாலம் எங்கே என்று அதில் கேட்டிருந்தார். கோப்புகளைத் தேடினேன். பாலத்தைப் பற்றி ஒரு தாளும் இல்லை. “இவ்வலுவலகத்தில் அத்தகைய பதிவு ஏதுமில்லை” என்று விடை எழுதினேன். சொல்லில் பொய் இல்லை.

அவர் குளத்தங்கரை வழியாக ஒன்பது கிலோமீட்டர் சுற்றி நடந்து நேரில் வந்தார்.

“இல்லாத பாலத்துல எம் மருமவ எப்படி சார் ஆஸ்பத்திரிக்குப் போவா? கார்த்திகை பத்துக்கு நாள் சொல்லியிருக்காக. ஓடையில இப்பமே கழுத்தளவு தண்ணி.”

“பாலம் இருக்கும்மா. நம்ம இன்ஜினியர் நல்லபெருமாள் சார் வீட்டுல.”

“அத மொதல்லயே எழுதியிருக்கலாம்லா?”

“வீட்டுல இருக்கிறது ஆபீஸ் பதிவு இல்லம்மா.”

மனுதாரருக்கு நேரில் பார்வையிடும் உரிமை உண்டு. ஆகவே அவரை அழைத்துச் சென்றேன். பாலம் கூடத்தின் குறுக்கே நின்றது. சந்தனமாரி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மறுகோடி வரை நடந்து திரும்பினார்.

“மூணாந்தூணுல கீறல் விட்டிருக்கு. அது போவட்டும், அக்கரையில உங்க அடுப்படியில்லா இருக்கு!”

நல்லபெருமாள் மெய்யாகவே வருந்தினார். “ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டு நம்ம கிளார்க் சண்முகவடிவுகிட்ட இருக்கும்மா. அவங்க மெடிக்கல் லீவு. நான் வேற எதுல எழுத?”

பாலம் திரும்புவதற்கு வழி ஒன்றுதான். கடிதம் எழுதிய ஒவ்வொருவரும் தம் எழுத்தை அச்செடுத்து, எண்ணிட்டு, கோப்பில் சேர்க்க வேண்டும். தூணில் விரிசல் கண்டிருப்பதாகவும் மழைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நல்லபெருமாள் எழுதியிருந்தார். எழுதியது எனக்குத்தான். “சரிங்க சார். கோப்பில் ஏற்றவில்லை” என்று என் சொந்த முகவரியிலிருந்து விடை அனுப்பியவன் நான். எழுதியது ஒரே வரியாகையால், என் வீட்டுக்கு வந்தது பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு முழம். இரண்டு மாதமாக அதில்தான் துண்டு காயப்போட்டு வந்தேன்.

வாசலில் நல்லபெருமாள் என்னைத் தனியே அழைத்தார். “அந்த வரியக் கோப்புல போட்டா உமக்குப் பதினேழு-பி குற்றச்சாட்டு வரும்வே. தை மாசம் புரமோஷன் லிஸ்ட்ல பேரு இருக்கு. யோசிச்சுக்கிடும்.”

யோசித்தேன். பொதுக் கிணற்று வாளியை வீட்டுக்குக் கொண்டுபோனவன் தண்ணீரைத் திருடியவன் அல்லன். கிணறு நிறைந்தே இருக்கும். ஊர்தான் அதன் விளிம்பில் தாகத்தோடு நிற்கும். அன்பர்களே, வாளி நம் வீட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் வரியைக் கோப்பில் சேர்த்தேன். பத்தேகாலுக்கு ஒரு முழக் கைப்பிடிச் சுவர் ஓடையின் நடுவே, தாங்குவது ஏதுமின்றிக் காற்றில் நின்றது. அதைக் கண்ட செம்பட்டிவிளைக்காரர்கள் மீதிப் பாலத்தைத் தேடிக் கிளம்பினார்கள். பொதுப் பாலத்தில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆகவே நாள்தோறும் நாற்பது பேர், சைக்கிள்களோடும் ஆடுகளோடும், நல்லபெருமாள் வீட்டுக் கூடத்தைக் கடந்து அடுப்படிவரை போய்த் திரும்பினார்கள். அவர் மனைவி அனைவருக்கும் மோர் கொடுத்தார்.

கார்த்திகை எட்டாம் நாள் நல்லபெருமாள் தம் கடிதங்களைக் கோப்பில் சேர்த்தார். மாலைக்குள் பாலம் ஓடைக்கு வந்துவிட்டது. விரிசலும் பதிவாகிவிட்டதால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஊரார் பனந்தடிகளால் முட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் மருமகள் பாலத்தைக் கடந்தாள். பெண் குழந்தை. எனக்குப் பதினேழு-பி வந்தது. பட்டியலில் என் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் இருக்கிறது.

இருபதாம் நாள் நல்லபெருமாள் வரிசையில் நின்று ஒரு மனு கொடுத்தார். அவர் வீட்டுக் கூடத்தில் பாலம் நின்ற நாள்களில் அதன் அடியில், முறைப்படி, ஓர் ஓடை உண்டாகியிருந்தது. பாலம் போய்விட்டது, ஓடை போகவில்லை.

“வீட்டுக்காரி அந்தக் கரையில, நான் இந்தக் கரையில. பன்னெண்டு நாளாச்சுவே, ஒரு வாய் காப்பி இல்ல.”

“ஆதாரம் ஏதாவது உண்டா சார்?”

அவர் ஒரு சொம்பை மேசைமேல் வைத்தார். அதற்குள் ஒரு கெண்டைக் குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது. முப்பது நாளில் விடை வரும் என்று சொல்லி ரசீது கொடுத்தேன். மீனுக்குத் தனி எண் இட்டு, தண்ணீரை மாற்றி, பதிவறையில் நிலுவை அலமாரியில் சேர்த்தேன்.