பாலாற்றுச் சாவடிப் புலி

பாலாற்றங்கரைச் சாவடியில் ஒரு புலி உட்கார்ந்திருந்தது. கடந்துபோக விரும்பும் விலங்குகள் தமக்கு மிகவும் பிடித்த ஒன்றை அதனிடம் கொடுத்துவிட வேண்டும். மான் கொம்பைக் கொடுத்தது. மயில் தோகையைக் கொடுத்தது.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டைப் புதிதாகக் கற்ற பத்தொன்பதாம் வயதில் ஹேமந்த் எழுதிய முதல் சாகசம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி வழி தேடுவார்கள். முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். நடத்துபவர் அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டி எண்ணை மட்டும் சொல்வார். அவர் சொல்லை எவரும் சோதிப்பதில்லை.

முயலாக ஆடியவள் தாரணி. “நீ இதைத் தாண்டணும்னா யார்கிட்ட எதைக் கொடுப்பே?” என்று புலியையே கேட்டாள். மூன்று ஞாயிறுகளுக்கு ஹேமந்த் திட்டமிட்டிருந்த கதை பத்தே நிமிடத்தில் முடியவிருந்தது. பகடையை உருட்டினான், பத்தொன்பது விழுந்தது. புலி பணிந்து வழிவிடப் போதுமான எண். அவன், “மூணு” என்றான். புலி முயலைத் தின்றது. அடுத்த ஞாயிறு தாரணி வரவில்லை; பிறகும் வரவில்லை.

பதினாறு ஆண்டுகள் கழித்து, அவனுடைய சாகசங்களை நூலாக்கப் பெங்களூருவில் ஒரு பதிப்பாளர் முன்வந்தார். பழைய நோட்டுகளைப் புரட்டியபோது உயிருடன் இருந்தது முயலின் கேள்வி ஒன்றுதான். விழுந்த எண்களைக் குறித்துவைக்கும் வழக்கப்படி, ஓரத்தில் அவன் கையெழுத்திலேயே ‘19’ என்றிருந்தது. நோட்டுடன் குவெம்புநகரில் தாரணியின் வீட்டுக்குப் போனான்.

“பழைய பாவம் ஒண்ணு கணே,” என்று அவர்களுக்குப் பழகிய கன்னடம் கலந்த பேச்சில் சொல்லிச் சிரித்தபடி பக்கத்தைக் காட்டினான். “அன்னைக்கு விழுந்தது பத்தொம்போது.”

“தெரியும். உன் முதுகுக்குப் பின்னாடி பீரோ கண்ணாடி இருந்துச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தியே. வழியெல்லாம் உன் புலி எவ்ளோ பயங்கரம்னுதான் பேசினே.”

பிறகு அவன் நூலைப் பற்றிச் சொன்னான். முதல் பக்கத்தில் அவள் பெயரைப் போடுவதாகவும் சொன்னான்.

“ஓ, அதுக்குத்தானா? நீ சும்னே, வேற எதுக்கும் இல்லாம, மன்னிப்பு கேக்க வந்தேன்னு நெனச்சேன்.”

“ரெண்டும்தான்.”

“புக் இல்லேன்னா வந்திருப்பியா கணோ?”

ஹேமந்த் நோட்டின் மடங்கிய முனையை நீவிக்கொண்டிருந்தான்.

“கதையப் போட்டுக்கோ,” என்றாள் தாரணி. “ஆனா நீ அன்னைக்குச் சொன்னபடியே போடு. மூணு விழுந்துச்சு, புலி முயலத் தின்னுச்சு. கேள்வி வேண்டாம். அது என்னோடது. காப்பி ஆறுது, குடி.”

குடித்துவிட்டு வந்தான். அவள் சொன்னபடியே எழுதி அனுப்பினான்.

பதிப்பாளர் ஒரே ஒரு ஐயம் எழுப்பினார்: “மான் சரி, மயில் சரி. இந்த முயல் கதைக்குள் எதற்காக வருகிறது?”