மூன்றாம் வான்கலத்துக்குக் கூட்டம் வராத காரணம்

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணிக்கு, விருத்தாசலத்தில் எங்கள் கொட்டகையில் வான்கலப் பட வரிசையின் மூன்றாவது படம் திரையிடப்பட்டது. கொட்டகையில் அறுநூற்று இருபது பேர் அமரலாம். வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். சனிக்கிழமை நாற்பத்தொருவர். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாளாயிருந்தும், இருபத்தாறு பேர். அவர்களுள் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

இது நடந்திருக்கக் கூடாத செயல். அவை வெளிநாட்டுப் படங்கள். தமிழில் பேச்சு சேர்த்து வந்தவை. ஒரே வான்கலம், அதே ஏழு பேர், படத்துக்கு ஒரு கோள் என்று பயணம் போவார்கள். முதற்படம் 1969இல் எங்களிடம் இருபத்தொரு நாள் ஓடியது. மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸிலும், பெண்ணாடத்திலிருந்து கரும்பு டிராக்டரிலும், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாட்டு வண்டியிலும் ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் படம் 1971இல் இருபத்தாறு நாள் ஓடியது.

கொட்டகை எங்கள் தந்தையார் விட்டுச் சென்றது. நிர்வாகம் தம்பி கலியமூர்த்தியுடையது. முப்பத்தோராண்டு பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான், பணியிலிருந்த காலம் முதலே எழுத்து வேலையை ஏற்றிருந்தேன். துண்டறிக்கை, வாசற்பலகை, தெருவில் ஒலிபெருக்கியில் படிக்கும் அறிவிப்பு ஆகிய யாவும் என் கையால் எழுதப்பட்டவை. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாத ஒரு சொல்லும் எங்கள் வாசலில் தொங்கியதில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலியமூர்த்தி ஆப்பரேட்டர் மாயவனை அலுவலறைக்கு அழைத்தான். மாயவன் பதினான்கு ஆண்டுகளாக எங்கள் படக்கருவியை ஓட்டுபவர். பகலில் ரிக்ஷாவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு படத்தை அறிவிப்பவரும் அவரே. வேறு தொழில் அறியாதவர்.

"படத்துல வெளிச்சமே இல்லியாம். ரெண்டு பேரு சொல்லிட்டாங்க" என்றான் தம்பி. "கடலூர்லேந்து வேற ஆளு வரச் சொல்லி எழுதப்போறேன். வியாழக்கிழமையோட நீ நின்னுக்க."

"சொன்னவங்க படம் பாத்தாங்களாங்க?"

"எங்க பாத்தாங்க? டீக்கடையில பேசிக்கிட்டாங்க."

"அப்ப டீக்கடையிலதாங்க வெளிச்சம் இல்ல" என்றார் மாயவன். குரலில் கேலி இருந்தது. கை மட்டும் நாற்காலி முதுகை விடவில்லை. "வெளிச்சம் பத்தலன்னா பரவால்ல, சரி பண்ணிக்கலாம். ஆளே வராததுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

தம்பியிடம் வேறு காரணங்களும் இருந்தன. "அக்கா, சந்திரனுக்கே போயி மண்ணெடுத்தாந்துட்டான். இனிமே எவன் வந்து இந்த அட்டைக் கப்பலப் பாப்பான்?"

"இரண்டாம் படம் வந்தபோதும் சந்திரனுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். அது இருபத்தாறு நாள் ஓடியது" என்றேன்.

"சண்டை கம்மி."

"சண்டை குறைவு என்பது பார்த்த பிறகு தெரிய வேண்டியது. பாராதவர்களுக்கு எப்படித் தெரிந்தது?"

அவன் மேசை மேலிருந்த கடிதத்தை நகர்த்தினான். பட விநியோகம் செய்பவர்கள் எழுதியது: இதே படம் கடலூரில் அரங்கு நிறைந்து ஓடுகிறது, உங்களிடம் என்ன குறை? "பாத்தீங்களா? அங்க ஓடுது, இங்க ஓடல. அப்ப ஆப்பரேட்டருதான்."

"காரணம் தெரியாமல் ஒருவரை நீக்கக் கூடாது. நாளைக் காலைவரை பொறு. காரணத்தை நான் கொண்டுவருகிறேன். கொண்டுவராவிட்டால் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்."

மாயவன் என்னைப் பார்த்தார். நன்றி சொல்லும் பார்வை அன்று அது. என் கடிதத்தில் தம் பெயர் எவ்வளவு பிழையின்றி எழுதப்படும் என்று எண்ணிப் பார்த்தவரின் பார்வை.

பகற்காட்சியில் நான் கடைசி வரிசையில் அமர்ந்தேன். என் வயது அறுபத்து மூன்று, கண்ணாடி போட்டவள். அங்கிருந்து தொழில்நுட்பப் பணியாளர் பட்டியலின் மிகச் சிறிய எழுத்தையும் படிக்க முடிந்தது. அதில் இரண்டு சந்திப் பிழைகளையும் கண்டேன். ஆகவே வெளிச்சத்தில் குறையில்லை. படமும் முந்தைய இரண்டினும் மேலானது.

மாலை ஐந்து மணிக்குப் பீங்கான் கோப்பைகள் செய்யும் ஷெட்டுகள் வேலை விடும் நேரத்தில் ஒரு ஷெட்டின் வாயிலில் போய் நின்றேன். விருத்தாம்பாளைத் தேடித்தான் போனேன். சூளையிலிருந்து வரும் கோப்பைகளைத் தரம் பிரிக்கும் பெண் அவள். முதற்படத்தை நான்கு முறையும் இரண்டாவதை ஐந்து முறையும் பார்த்தவள். அவள் வராத படத்துக்கு ஊர் வராது.

"விருத்தாம்பாள், இந்தப் படத்துக்கு ஏன் வரவில்லை?"

அவள் முந்தானையால் கையிலிருந்த வெள்ளைத் தூளைத் துடைத்தாள். "வரணும்னுதான் டீச்சர் இருந்தேன். நீங்களே அவ்ளோ பெருசா எழுதிப் போட்டப்புறம் நான் போயி ஒக்காந்தா, இவளுங்க என்ன வுடுவாளுங்களா?"

"என்ன எழுதினேன்?"

"மூணாங்கலம்னு!"

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். "ஆனா நல்ல மனசு டீச்சர் ஒங்களுக்கு" என்றாள் ஒருத்தி. "வேற எந்தக் கொட்டாயில உள்ளத உள்ளபடி எழுதுறாங்க?"

எனக்கு விளங்கவில்லை. விருத்தாம்பாள் என்னைக் கையோடு உள்ளே அழைத்துப் போனாள். சுவரோரம் மூன்று தொட்டிகள். மேலே மூன்று பலகைகள்: முதற்கலம், இரண்டாங்கலம், மூன்றாங்கலம். அவள் ஒரு கோப்பையை எடுத்து விரல் முட்டியால் தட்டினாள். கணீரென்றது. "இது மொதக்கலம். வெளியூரு போவும்." மற்றொன்றின் விளிம்பில் நிறம் திட்டுத் திட்டாக இருந்தது. "இது ரெண்டாங்கலம். சந்தைக்கு." மூன்றாவதைத் தட்டினாள். டொக்கென்றது. "விரிசல். இது மூணாங்கலம். ஒடைக்கிறதுக்கு. காசு குடுத்து யாராச்சும் மூணாங்கலத்தப் பாப்பாங்களா டீச்சர்? படச்சுருளு அறுந்து ஒட்டுனதாம், டீச்சரு நேர்மையா எழுதிட்டாங்கன்னு ஊரே பேசுது. மங்கலம்பேட்டைக்காரங்க வந்து கேட்டாங்க. வராதீங்க, டீச்சரே சொல்லிட்டாங்கன்னு நாந்தான் திருப்பி அனுப்பினேன்."

மூன்றாம் பலகைக்கு நேராக நான் நின்றுகொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து வந்த சுவரொட்டியில் 'வான்கலம்' என்பது பெரிய எழுத்திலும், 'மூன்றாவது பயணம்' என்பது அடியில் சிறிய எழுத்திலும் இருந்தன. ஒரு பெயரை இரு துண்டாகத் தொங்கவிடுவது ஒழுங்கன்று எனக் கருதி, நான் அவற்றைச் சேர்த்து 'மூன்றாம் வான்கலம்' என்று எழுதினேன். பலகையிலும் துண்டறிக்கையிலும் அதுவே. வந்த பத்துச் சுவரொட்டிகளின் மீதும் அதையே ஒட்டச் செய்தேன். வான்கலம் மூன்றல்ல, ஒன்றே. மூன்று என்பது பயணம். பயணத்துக்குரிய அடைமொழியைக் கலத்தின் தலையில் ஏற்றியவள் நான். அதுவும் இந்த ஊரில்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. படம் தொடங்குவதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, மாயவன் என்னிடம் கேட்டிருந்தார்: "மூணாவது பயணம்னே சொல்லிடறேங்களே, டீச்சரம்மா? இது காதுக்கு என்னமோ மாதிரி இருக்குது." நான் சொன்ன விடை: "எழுதியதைப் படி."

அன்று மாலையே அலுவலறையில் இருவரையும் உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன்.

"அக்கா, நீங்களா தப்பா எழுதுனீங்க?"

"நானே."

"நெசமாவா?"

"ஒற்றுப் பிழை இல்லை. அடைமொழி இடம் மாறிய பிழை. இது அதனினும் பெரியது."

மாயவன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "மன்னிச்சுக்குங்க, டீச்சரம்மா. பதினாலு வருசமா காத்துக்கிட்டு இருந்தேன்."

பலகையை அழித்து, 'வான்கலத்தின் மூன்றாம் பயணம்' என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை அவர் ரிக்ஷாவில் ஏறும்போது, "நானா ரெண்டு வரி சேத்துக்கலாங்களா?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. ஷெட்டு வாயிலில் வண்டியை நிறுத்தி, விருத்தாம்பாளிடம் ஒரு கோப்பை வாங்கி, ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்துத் தட்டினார். கணீரென்ற ஓசை தெரு முழுவதும் கேட்டது.

"கேட்டீங்களா? விரிசல் கெடையாது! கலம் மொதக்கலம், பயணந்தான் மூணாவது! முன்னால போட்டது எழுத்துப் பிழை, படத்துப் பிழை இல்ல!"

எழுத்துப் பிழை என்று அவர் சொன்னது சரியன்று. அது தொடர்ப் பிழை. நான் திருத்தவில்லை.

அன்று மாலை ஐந்தரைக்கே வரிசை சாலையைத் தொட்டது. ஷெட்டுப் பெண்கள் உடம்பில் வெள்ளைத் தூளோடு நேரே வந்தார்கள். பெண்ணாடத்து டிராக்டர்கள் இரண்டு நின்றன. மங்கலம்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களிடம் விருத்தாம்பாள், "அன்னிக்குப் போவச் சொன்னதும் நாந்தான், இன்னிக்கு வரச் சொன்னதும் நாந்தான், சண்டைக்கு வராதீங்க" என்றாள். அரங்கு நிறைந்தது என்னும் பலகை இரண்டாண்டுத் தூசியோடு மூலையில் கிடந்தது. தம்பி அதைத் தன் வேட்டித் தலைப்பால் துடைத்து, மாயவன் கையில் கொடுத்தான். "நீயே மாட்டு" என்றான்.

படத்தில் ஓரிடத்தில் வான்கலத்தின் மேல் எரிகல் மோதும். சுவரில் மெல்லிய கோடு ஓடும். முதல் நான்கு நாளும் அவ்விடத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. செவ்வாயன்று தரை வகுப்பிலிருந்து ஒரு குரல், "ஐயய்யோ, விரிசல் வுட்டுடுச்சு! தூக்கிப் போடு மூணாங்கலத்துல!" என்று எழுந்தது. அறுநூறு பேர் சிரித்தார்கள். அதன்பின் அந்தக் கோட்டை விட்டு ஒருவர் கண்ணும் அகலவில்லை. தலைவன் அதை அடைத்து, கலம் தீப்போல் சிவந்து கீழிறங்கி, உடையாமல் தரை தொட்டபோது, விருத்தாம்பாள் தன் பெஞ்சை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மொதக்கலம்!"

பெண்கள் பக்கம் முழுவதும் பெஞ்சைத் தட்டியது. பிறகு ஆண்கள் பக்கம். கருவி அறையின் சிறு சாளரத்திலிருந்தும் தகரத்தைத் தட்டும் ஓசை வந்தது. நான் என் நாற்காலிக் கையைத் தட்டினேன், ஒரு முறைதான்.

படம் முப்பத்திரண்டு நாள் ஓடியது. முந்தைய இரண்டினும் அதிகம்.

ஆகஸ்டு 23ஆம் நாள், வியாழக்கிழமை காலை, அலுவலறையில் முடிவு செய்யப்பட்டவை இவை. மாயவன் ஆப்பரேட்டராகத் தொடர்வார். கடலூர்க்காரருக்குக் கடிதம் அனுப்பப்படாது. தெருவில் அறிவிக்கும் சொற்கள் மாயவனுடையவையாகவே இருக்கும். யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். வாசற்பலகையை நான் எழுதுவேன். ஆனால் தொங்கவிடுமுன் அதை விருத்தாம்பாளிடம் படித்துக் காட்ட வேண்டும். அவள் சிரித்தால் மாற்றி எழுத வேண்டும். அதற்காக அவளுக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இருக்கை ஒதுக்கப்படும். முதல் நான்கு நாள் கூட்டம் வராததற்குக் காரணம் ராஜாம்பாளாகிய நான் எழுதிய பெயர் எனப் பதிவேட்டில் குறிக்கப்படும். அதை நானே எழுதிக் கையொப்பமிட்டேன். கலியமூர்த்தியும் மாயவனும் கீழே கையொப்பமிட்டார்கள்.