ஜெமீலா வைத்துவிட்ட அழைப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில் கிடைத்தது. ஒரே சஹன் தட்டில் என்னோடு சாப்பிட்ட ஸுல்பிகா, இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

"நீங்க கதை எழுதுறவங்களாம். கொம்பியூட்டர் இறுகிப்போறதைப் பற்றி எழுதுவீங்களா?"

ஏலாது என்றேன். அவள் விடவில்லை. தட்டு வெறுமையாகும் முன் சொல்லி முடித்துவிட்டாள். எழுதத்தான் எனக்கு மாதக் கணக்காயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் அன்று போர்விமானங்கள்—"

வேண்டாம். சீனன்குடா விமானத்தளத்திலிருந்து அவை தினமும்தான் எழும்பின. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கடைக்குள் போவோம்.

2

2007ஆம் ஆண்டு. துறைமுகத்துக்குக் கிட்ட, சோமசேகரம் என்பவரின் தொலைபேசிக் கடை. நான்கு கண்ணாடி அறைகள், நான்கிலும் தொலைபேசி, எல்லாவற்றையும் நடத்த ஒரே கணினி. போர்க்காலம்; கைத்தொலைபேசிச் சேவையை அரசாங்கம் நினைத்த நேரம் நிறுத்திவிடும் என்பதால் சனம் அங்கே வந்தது. வெளியூரில் உள்ளவர்கள் கடைக்கு அழைத்துக் குரலைப் பதிந்துவைக்கலாம். உரியவர் வந்து கேட்டுக்கொள்வார்.

கணினியைப் பார்த்துக்கொண்டவள் ஸுல்பிகா. கடையில் கூட்டம் கூடினால் அது இறுகி, எந்த விசைக்கும் அசையாமல் நின்றுவிடும். சோமசேகரத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவது.

3

நல்லம்மாவை நான் பலமுறை எழுதி அழித்தேன். என் நல்லம்மா வாசலிலேயே அழுதாள். ஸுல்பிகா சொன்ன நல்லம்மா அழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "என்ட மகன் கதைச்சவனாம்" என்றபடி உள்ளே வந்தாள்.

ஈச்சிலம்பற்றில் செல் குண்டு விழுந்தபோது தாய் ஒரு பக்கமும் மகன் ஆனந்தராசா ஒரு பக்கமுமாக ஓடியவர்கள். அவள் கப்பல்துறையில் உறவினர் வீட்டில் இருந்தாள். அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்று காலை அவன் குரல் வந்திருந்தது.

அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். "அம்மா, நான் சுகமா இருக்கிறன். நான் இப்ப நிக்கிற இடம்—"

அத்தோடு நின்றுவிட்டது. அதே நேரம் மின்சாரமும் போயிற்று. கணினி பற்றரியில் ஓடத் தொடங்கி, விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

"நிப்பாட்டிப் போடுவமே?" என்றார் சோமசேகரம்.

"ஐயோ அண்ணே, வேணாம்! காலையிலேருந்து இடமில்லாம மிச்சக் கதை இன்னும் டிஸ்கில எழுதப்படயில்ல. நினைவகத்திலதான் நிக்குது. நிப்பாட்டினா போயிரும்."

(வாசகருக்கு ஒரு விளக்கம். கணினியின் நினைவகம் நிறைந்தால், உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் இடத்தைக் காலி செய்யும். அந்த எழுத்து வேலைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். "இடம் தா, எழுதுகிறேன்" என்கிறது எழுதும் வேலை. "எழுது, இடம் தருகிறேன்" என்கிறது இயங்குதளம். இரண்டும் பார்த்துக்கொண்டு நிற்கும். இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.)

4

மூன்று அறைகள் செத்துக் கிடந்தன. நான்காவதில் மட்டும் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெமீலா. கணவர் கலீலுர் றஹ்மான் கட்டாருக்குப் போய், ஏதோ மனத்தாங்கலில் கதைக்காமலே இருந்தவர். அந்த அழைப்பு முடிந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். முடியாவிட்டால் பற்றரி தீரும், குரலும் போகும்.

ஸுல்பிகா கண்ணாடியில் தட்டினாள். விசயத்தைச் சொன்னாள்.

"இப்பதான் தங்கச்சி அவர் வாய் திறந்தவர்," என்றாள் ஜெமீலா, ரிசீவரைப் பொத்திக்கொண்டு. "ஏன் கதைக்கயில்ல எண்டு சொல்லத் தொடங்கினவர்."

"விளங்குது ராத்தா."

"இப்ப வைச்சா கோவத்தில வைச்சன் எண்டுதான் நினைப்பார்."

ஸுல்பிகா கண்ணாடியிலிருந்து கையை எடுத்து விலகி நின்றாள். ஜெமீலா அவளுக்குப் பின்னால் பார்த்தாள். நல்லம்மா காதில் மாட்டியதைக் கழற்றாமல், இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்ப எடுக்கிறன்," என்று ரிசீவருக்குள் சொல்லிவிட்டு ஜெமீலா வைத்தாள்.

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். யாராவது வைப்பார்களா? ஸுல்பிகாவிடம் கேட்டேன். "வைச்சவ," என்றாள்.)

டிஸ்கின் விளக்கு மினுங்கத் தொடங்கியது. குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது: "—மட்டக்களப்பில, ஒரு பள்ளிக்கூடத்தில." நல்லம்மா அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் மட்டக்களப்புக்குப் புறப்பட்டாள். மகனைக் கண்டாள். இதை நான் கற்பனை செய்யவில்லை. இருவரும் பின்னர் கடைக்கு வந்தார்கள்.

அன்று பின்னேரமே வெளிநாட்டு இணைப்புகளை நிறுத்திவிட்டார்கள். ஜெமீலாவால் திரும்ப எடுக்க முடியவில்லை.

5

அது ஸுல்பிகாவை உறுத்தியது. ஒருவர் வைத்தால்தான் இன்னொருவர் கேட்கலாம் என்றால் அது என்ன கணினி?

இயங்குதளத்தின் மூல நிரல் யாரும் திறந்து திருத்தக் கூடியது. நினைவகத்தைப் பங்கிடும் பகுதியை வாசித்தாள். இடம் கேட்கும் எவரையும் அது ஒரே வரிசையில் காக்கவைத்தது. இடத்தை உண்டாக்கப் போகிறவரையும்கூட. சிறிது இடத்தைத் தனியாக ஒதுக்கி, எழுதும் வேலை கேட்டால் காக்கவைக்காமல் அதிலிருந்து கொடு என்று மாற்றினாள்.

முதல் முயற்சியில் கணினி எழும்பவே இல்லை. "இறுகினாலும் முந்தி ஓடினது, பிள்ளை," என்று சோமசேகரம் தலையில் கைவைத்தார். அவள் பிழையைத் தேடித் திருத்தினாள். பிறகு ஓடியது.

6

முடிவு. இணைப்புத் திரும்பிய நாள் நான்கு அறைகளும் நிறைந்திருந்தன. குரல்களும் வந்து பதிந்துகொண்டிருந்தன. கணினி ஒருமுறையும் இறுகவில்லை. ஜெமீலா கட்டாருக்கு அழைத்தாள்.

"எடுத்தவரா?" என்று நான் கேட்டேன்.

"ஓம், எடுத்தவர்."

"என்ன கதைச்சவை?"

"ராத்தா கதவைச் சாத்திப்போட்டாங்க. நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தன்."

அவர்கள் பேச்சைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கணவர் மன்னிப்புக் கேட்டார். இன்னொன்றில் ஜெமீலா— எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆறுதலாக, அவசரமில்லாமல் எழுதலாம். இந்த முறை அவளை வைக்கச் சொல்லி யாரும் கண்ணாடியில் தட்டவில்லை.