உப்பளத்துப் பனிராணி

சிவப்பிரகாஷ் இப்போதெல்லாம் போட்டோ எடுப்பதில்லை. கான்செப்ட் பண்ணுகிறான். கேமராவைத் தூக்கி, வெளிச்சம் பார்த்து, பட்டனை அமுக்குவதெல்லாம் கூலிவேலை என்பது அவன் கட்சி. அமுக்குவதும் அவனேதான். வேறு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. அதை மட்டும் அவன் வெளியே சொல்வதில்லை.

தூத்துக்குடியில் அப்பா காலத்திலிருந்து தொங்கிய 'சிவா ஸ்டூடியோ' பலகையைக் கழற்றிவிட்டு 'எஸ்.பி. கான்செப்ட்ஸ்' என்று மாட்டினான். காதுகுத்து, சடங்கு, வளைகாப்புக்கெல்லாம் இனி வர மாட்டேன் என்று ஊருக்கே அறிவித்தான். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சொந்தத் தாய்மாமன், மகள் சடங்குக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டபோதும், "மாமா, நான் இப்ப தீம் இல்லாம எடுக்குறதில்ல" என்றுவிட்டான். மாமா போனை வைத்துவிட்டார். அந்தத் தையில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் பொங்கல்படி வரவில்லை.

ஆக, அவன் மானம் முழுவதும் இப்போது ஜேசுபாதம் அண்ணாச்சி கையில் இருந்தது. அண்ணாச்சி பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர், தூத்துக்குடியில் நகைக்கடை முதலாளி. கடையில் புதிதாக முத்து நகைக்கென்று ஒரு தளம் திறக்கிறார். முத்தெல்லாம் ஹைதராபாத்திலிருந்து கூரியரில் வந்து இறங்கியிருந்தது. "படம் நல்லா இருந்தா வருசம் பூரா என் கடை விளம்பரம் உனக்குத்தாம்ல" என்று சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் பழைய பலகையைத் தேட வேண்டும். மாமா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஸ்டூடியோ மாடியில் திட்டமிடும் கூட்டம் நடந்தது. மாடல்கள் இரண்டு பேர். இசக்கிசெல்வி கூரியர் ஆபீசில் வேலை பார்ப்பவள், ஆள் உயரம், முகம் படத்தில் நன்றாக விழும். ஜாக்சன் கப்பல் சரக்கு ஆபீசில் கிளார்க். ஜிம்முக்குப் போய் வளர்த்த நெஞ்சை ஊர்ப் பொதுச்சொத்தாகக் கருதி, சட்டையில் மேல் பட்டன் இரண்டைப் போடாமலே திரிவான். மேக்கப்புக்கு பெனிஷா. கடற்கரைத் தெருக்காரி, சர்ச் கல்யாணங்களில் மணப்பெண் அலங்காரம் என்றால் அவள்தான்.

முதல் தீம், 'கண்டெய்னர் கடற்கன்னி'. கண்டெய்னர் கதவு திறக்க, உள்ளேயிருந்து கடற்கன்னி முத்துமாலையோடு வருவாள். துறைமுக வாசலில் பாஸ் இல்லாமல் ஈ காக்காயையும் விட மாட்டார்கள் என்று ஜாக்சன் சொல்லவும் அது போயிற்று. இரண்டாவது, 'பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தில் ஒரு முத்து'. ஒட்டுமீசை வைத்தால் தும்மல் வரும் என்றான் ஜாக்சன். அதுவும் போயிற்று.

சிவப்பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டான். பெரிய ஐடியாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அவன் வழக்கம்.

"விடியக்காலம் கனவுல வந்துச்சு. பனிராணி. வெள்ள உடுப்பு, தலையில முத்துக் கிரீடம், சுத்திலும் பனி. ரெண்டு கையையும் விரிச்சு நிக்கா. கீழ ராஜகுமாரன் மண்டி போட்டு முத்துமாலைய நீட்டுதான். ஒலகத்துல ஒருத்தனுக்கும் தோணாத தீம்."

"அண்ணே, இது வந்து..." என்று பெனிஷா ஆரம்பித்தாள்.

"ஏளா, கான்செப்ட்ல குறுக்க பேசாத."

பெனிஷா வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது.

"பனிக்கு எங்கனண்ணே போக?" என்றான் ஜாக்சன்.

"வீட்டுப் பக்கத்துல உப்பளத்த வச்சுக்கிட்டு காஷ்மீருக்கா போவாக?"

அக்னி நட்சத்திர வெயிலில், வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின் மேல் பனிராணி ஏறினாள். ராணிக்குச் செருப்பு இருக்கக் கூடாதாம், கான்செப்ட் இடிக்குமாம். உப்புக்கல் குத்தி உள்ளங்கால் எரிய, இசக்கிசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தாள். கீழே ஜாக்சன் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான். நெஞ்சு வளர்ந்த காலத்திலிருந்து முதல் தடவையாகச் சட்டையின் எல்லாப் பட்டனையும் போட்டிருந்தான்.

சிவப்பிரகாஷ் கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "என்னமோ கொறையுது. இன்னும் கொஞ்சம் தெய்வீகமா வேணும்."

பெனிஷா தன் பெட்டியிலிருந்து நீலப் பட்டுத் துணியை எடுத்து இசக்கிசெல்விக்கு முக்காடாகப் போட்டாள். அவள் கைக்கு அந்த அலங்காரம் தண்ணீர்பட்ட பாடு.

"இதான்! இதான் வேணும்! எப்படிளா ஒனக்குத் தோணுச்சு?"

"தோணுச்சுண்ணே" என்றாள் பெனிஷா.

முகத்துக்கு வெளிச்சம் போடும் வட்ட ரிங் லைட்டை இசக்கிசெல்வியின் தலைக்குப் பின்னால் நட்டது யாருடைய யோசனையும் இல்லை, சிவப்பிரகாஷின் சொந்த மூளை. இப்போது படம் முழுமையாகிவிட்டது என்று அவனுக்கே புல்லரித்தது.

அந்த நேரம் ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் இறங்கி, சும்மாட்டுத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார்கள். ஒருத்தி கூடையிலிருந்து மெழுகுதிரி எடுத்து உப்பு மேட்டின் அடியில் கொளுத்தி வைத்தாள்.

"இங்கன எப்பய்யா கெபி கட்டுனிய? எங்களுக்குத் தெரியாதே" என்று பக்தியோடு கேட்டாள்.

கெபி என்றால் மாதா சொரூபம் வைக்கும் குகைக்கோயில் என்பது சிவப்பிரகாஷுக்குத் தெரியாததல்ல. காதில்தான் விழவில்லை. "பாத்தியா ஜாக்சன், மக்கள் அப்படியே சொக்கிப்போய் நிக்காங்க" என்றவன், மெழுகுதிரியையும் சேர்த்து ஃபிரேமுக்குள் வைத்து எடுத்தான். சரியாக அப்போது சொரூபம் வாயைத் திறந்து, "அண்ணே, கால் எரியுதுண்ணே, நாசமாப் போற ஒங்க பனி!" என்று அலறியது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஆட்டோ ஏறினார்கள். மெழுகுதிரிக்காரி மட்டும் முறைத்தபடி வந்து திரியை ஊதி அணைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் நகைக்கடையில் ஜேசுபாதம் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அசந்துபோய்விட்டார் என்று சிவப்பிரகாஷ் நினைத்தான்.

"ஏலே, இது யாரு?"

"பனிராணி அண்ணாச்சி. முழுக்க என் சொந்தக் கற்பனை. கனவுல வந்தது."

"ஒனக்குக் காட்சி குடுத்துட்டாளாக்கும்."

அவர் எழுந்து அவனைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போனார். எதிரே நின்ற ஆட்டோக் கண்ணாடியைக் காட்டினார். பின்னால் நின்ற மீன் வண்டியைக் காட்டினார். எதிர்த்த மருந்துக்கடைக் காலண்டரைக் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரே படம். வெள்ளை உடுப்பு, நீல முக்காடு, கிரீடம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்.

"இந்த ஊர்ல பனியையும் ஒரு பொம்பளையையும் சேத்துச் சொன்னா யாருலே வருவா?"

"பனிமய மாதா" என்றான் சிவப்பிரகாஷ், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. ஆண்டுதோறும் ஆடித் திருவிழாவுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போய்ப் பலூன் வாங்கிய, ஊர்ப் பெரிய கோயில் மாதா. அவன் கல்லாப்பெட்டியின் மூடியில்கூட யாரோ கொடுத்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தினமும் பார்த்ததுதான் கனவில் வந்திருக்கிறது. அவமானத்தில் அவனுக்குக் காது சூடாயிற்று.

"நான் நாசரேத்துக்காரன்லே. எங்க சபையில சொரூபம், படமெல்லாம் ஆகாது. எங்க வீட்டுச் சுவத்துல பைபிள் வசனத்தத் தவிர ஒண்ணும் மாட்ட மாட்டோம். இதப் போட்டா ஞாயித்துக்கிழம சர்ச்சுல எங்க ஐயரு என்னையப் பாத்தே பிரசங்கம் பண்ணுவாரு. மாதாவக் கும்பிடுற கடற்கரைக்காரங்களோ, மாதாவுக்கு விலச்சீட்டோட மாலையான்னு கடைக்கே வந்து கேப்பாங்க." படத்தில் ஜாக்சன் நீட்டிய மாலையில் விலைச்சீட்டு தெளிவாகத் தொங்கியது. "ஒருத்தனுக்கும் தோணாத தீம்னு சொன்ன. இந்த ஊர்ல தோணாதவன் நீ ஒருத்தன்தாம்ல."

வருஷ விளம்பரம் அதோடு போயிற்று. சிவப்பிரகாஷ் உள்ளே வந்து லேப்டாப்பை மூடினான். அழுகை வரும்போல இருந்தது. அண்ணாச்சிக்கே பாவமாகிவிட்டது.

"வர்ற ஞாயிறு நாசரேத்துல பேத்திக்கு ஞானஸ்நானம். வந்து படம் எடு. தீம் ஒண்ணும் வேண்டாம். பிள்ள பிள்ள மாதிரி இருந்தாப் போதும்."

அன்று சாயங்காலம் பழைய பலகையைத் தேடினான். அம்மா அதைக் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கியிருந்தாள். கழற்றித் தரும்போது, "மாமாவயும் ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போனான். மாமா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அத்தை காபி கொடுத்தாள். சுவரில் மகளின் சடங்குப் படம் வேறு ஸ்டூடியோ பேரோடு தொங்கியது. தலை குனிந்து காபியைக் குடித்துவிட்டு நாசரேத்துக்குக் கிளம்பினான். இனி ஒழுங்காக எடுக்கிறதை எடுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று மனதாரத்தான் நினைத்தான்.

தாமிரபரணிப் பாலத்தில் ஏறியபோது கீழே நாணல் காற்றில் ஆடியது. சிவப்பிரகாஷ் வண்டியை நிறுத்தினான். கண்ணை மூடினான். உடம்பெல்லாம் புல்லரித்தது. உடனே போனை எடுத்தான்.

"ஏளா பெனிஷா, கேளு. ஓலப்பெட்டி ஒண்ணு. அதுக்குள்ள பாப்பா. ஆத்துத் தண்ணியில, நாணலுக்கு நடுவுல, அப்படியே மெதந்து வருது. யாருக்காவது தோணுமா?"

அந்தப் பக்கம் பெனிஷாவுக்குச் சின்ன வயதில் படித்த பைபிள் கதை ஞாபகம் வந்துவிட்டது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அண்ணே" என்றாள், "குளிக்க வந்த ராஜா மவ அந்தப் பெட்டிய எடுப்பாளா?"

"ராஜா மவளா?" சிவப்பிரகாஷ் வண்டியை விட்டு இறங்கிக் குதித்தான். "எப்படிளா ஒனக்கு இப்படியெல்லாம் தோணுது! இசக்கிசெல்விக்கு உடனே போனப் போடு. இந்தத் தடவ செருப்புப் போட்டுக்கிடலாம்னு சொல்லு."