அங்கோர் வாசலில்

அங்கோர்வாட்டைப் பார்க்கவேண்டும் என்று பரமத்தி வேலூரிலிருந்து கிளம்பியவர்கள் இல்லை அத்தாயியும் அருணகிரியும். கம்ப்யூட்டர் வேலை என்று கம்போடியாவுக்குப் போன மகன் மாதேஷின் போன் தை மாதத்தோடு ஓய்ந்துவிட்டது. தேடி வர அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, சேலத்துச் சுற்றுலாக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வது. தூதரகத்தில் மனு கொடுத்தாயிற்று. காலையில் அங்கிருந்து போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்த அருணகிரி, "இன்னும் விசாரிக்கறாங்களாம்" என்றதோடு சரி.

மேற்கு வாசலில், கூட வந்த சரிதா கூப்பிட்டாள்.

"வாங்கம்மா, உள்ள எட்டுக் கையோட பெருமாள் நிக்கறாராம். இந்த ஊருக்காரங்க ஊதுபத்தி வெச்சுக் கும்புடறாங்களாம்."

"கேட்டீங்களா? நம்ம பெருமாளுங்க. வாங்க, பையனுக்கு வேண்டிக்கலாம்" என்றாள் அத்தாயி கணவரிடம்.

"எனக்குக் கால் வலிக்குது."

"ஏனுங்க, ரோட்டோரக் கல்லுக்கு மஞ்சத்துணி சுத்தியிருந்தாலே வண்டிய நிறுத்திக் கும்புடற ஆளு. கடல் தாண்டி வந்துமா கால் வலி? சரி, நான் போயிட்டு வாரேன்."

"நீயும் போகாத."

"எனக்கென்ன, தீட்டா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். சரிதா சிரித்தாள். அருணகிரி தரையைப் பார்த்தார்.

அவரைப் பெற்றவள் செத்தபோது, கருமாதி முடிகிறவரை கோயில் தெருப் பக்கமே போகாதவர் அவர். அன்றைக்கிருந்த அதே முகம். அத்தாயி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கேட்டால் சொல்லிவிடுவார். கேட்காதவரைக்கும் பிள்ளை இருக்கிறான்.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். உயரமான கல்படியின் மேல் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"அத்தாயி! படி தாண்டாத. நம்ம ரெண்டு பேருக்கும் ஆகாது!"

"ஏன் ஆகாது?"

அருணகிரியின் கை சட்டைப்பைக்குப் போனது.

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"பையன் போயிட்டான் சாமி. போட்டோ அனுப்புனாங்க. பாத்துட்டேன்."

வைத்த காலை அவள் எடுக்கவில்லை. அடுத்த காலையும் வைக்கவில்லை. பின்னால் கேமராவோடு நின்ற வெள்ளைக்காரன், "எக்ஸ்கியூஸ் மி" என்றான். அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியதில் அவள் கால் வெளியே வந்துவிட்டது.

"போனைக் குடுங்க" என்றாள். "நானும் பாக்கோணும்."

அருணகிரி சட்டைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.